டிகாய் போட்டு வாத்து வேட்டை: எந்த எண் ரவையைத் தேர்ந்தெடுப்பது?

டிகாய் என்பது நீரில் மிதக்கவிடும் பொம்மை வாத்து. ரவை என்பது தோட்டாவுக்குள் இருக்கும் சிறு உலோக உருண்டை. டிகாய்க்கு முன்னால் இறங்கும் வாத்துக்குப் பெரும்பாலானோர் தேவைக்கு மேல் பெரிய ரவையைத்தான் போடுகிறார்கள். பெரிய ரவை பலமாக அடிக்கும் என்பது உண்மை. ஆனால் ரவை பெரிதாகப் பெரிதாகத் தோட்டாவுக்குள் இருக்கும் எண்ணிக்கை குறையும், பரவும்போது நடுவில் ஓட்டை விழும். அந்த ஓட்டையில் சிக்கும் வாத்து ஒற்றை ரவையை வயிற்றிலோ இறக்கையிலோ வாங்கிக்கொண்டு நாணலுக்குள் போய் இரண்டு நாள் கிடந்து சாகும். ரவை எண்ணைச் சரியாகத் தேர்ந்தெடுக்கச் சொல்வது முதலில் இதற்காகத்தான். பை நிறைவது அடுத்தபடி.

இங்கே சொல்வது அமெரிக்காவிலும் கனடாவிலும் உரிமம் எடுத்து, சீசனில் சுடுவோருக்கு. இந்தியாவில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டு வாத்தைச் சுடுவது குற்றம். டிகாய் என்பது நீரில் மிதக்கவிடும் பொம்மை வாத்து. பழந்தமிழில் வேடர்கள் மற்ற விலங்குகளை இழுக்கப் பழக்கி வைத்த விலங்குக்குப் 'பார்வை' என்று பெயர். சங்கப் பாடல்களிலேயே அந்தச் சொல் உண்டு. உயிருள்ளதற்குப் பதில் பிளாஸ்டிக், வலைக்குப் பதில் ஷாட்கன். உத்தி அதேதான்.

கடைக்குப் போகும் முன்

நீர்ப்பறவைக்கு ஈய ரவை கூடாது. வாத்து தானியத்தை அரைக்கச் சிறுகற்களை விழுங்கும். சேற்றில் கிடக்கும் ஈய ரவையையும் கல் என்று நினைத்து விழுங்கிவிடும், ஈயம் கரைந்து உடம்பில் ஏறிச் செத்துப்போகும். அதனால் அமெரிக்காவில் 1991 முதல் நாடு முழுவதும் நச்சற்ற ரவை (பொதுவாக எஃகு) கட்டாயம். கனடாவில் 1999 முதல். சுடாவிட்டாலும், வாத்து வேட்டையின்போது ஈயத் தோட்டா கையிருப்பில் இருந்தாலே வழக்குதான். புறா வேட்டைக்குப் போன ஜாக்கெட்டையே மாட்டிக்கொண்டு போவோர் இதில்தான் மாட்டுகிறார்கள். எல்லாப் பைகளையும் முந்தின இரவே கவிழ்த்துப் பாருங்கள்.

சாதாரண சீசனில் துப்பாக்கி மூன்று தோட்டாவுக்கு மேல் கொள்ளக்கூடாது. பம்ப் (கையால் இழுத்து அடுத்த தோட்டாவை ஏற்றுவது), செமி ஆட்டோ (தானே ஏற்றிக்கொள்வது) இரண்டிலும் மகசீனுக்குள் அடைப்புக்குச்சி இருக்க வேண்டும். கேஜ் என்பது குழலின் அளவு, எண் குறையக் குறையக் குழல் பெரிது. 10 கேஜைவிடப் பெரிய குழல் கூடாது. அமெரிக்காவில் 16 வயது நிரம்பியவர்கள் மாநில உரிமத்தோடு மத்திய அரசின் டக் ஸ்டாம்ப் (நீர்ப்பறவை வேட்டைக்கான முத்திரை) வாங்க வேண்டும். எச்1பி போன்ற குடியேற்றமல்லாத விசாவில் இருப்போருக்குத் துப்பாக்கி வைத்திருக்கவே பொதுவாகத் தடை உண்டு. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் அந்தத் தடைக்கு ஒரு விலக்கு. உரிமம் முதலில், துப்பாக்கி பிறகு என்ற வரிசை மாறக்கூடாது. ரவையின் உச்ச அளவு உட்படப் பல விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். அந்த ஆண்டின் விதிப் புத்தகத்தைப் படிக்காமல் தோட்டா வாங்காதீர்கள்.

எண் எதைச் சொல்கிறது

எண் ஏற ஏற ரவை சிறிதாகும். விட்டம் தெரிய எளிய கணக்கு ஒன்று உண்டு: 17-இலிருந்து ரவை எண்ணைக் கழித்தால் விட்டம் அங்குலத்தின் நூறில் எத்தனை பங்கு என்று கிடைக்கும். 4-ஆம் எண் என்றால் 13, அதாவது 0.13 அங்குலம், சுமார் 3.3 மில்லிமீட்டர். 2-ஆம் எண் 0.15 அங்குலம். 1-க்கு மேல் எழுத்துகள் வரும்: பி 0.17, பிபி 0.18, பிபிபி 0.19, டி 0.20.

இனி எண்ணிக்கை. ஒரு அவுன்ஸ் எஃகு ரவையில் சுமாராக இத்தனை இருக்கும்: 6-இல் 315, 5-இல் 243, 4-இல் 192, 3-இல் 158, 2-இல் 125, 1-இல் 103, பிபியில் 72. தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் கொஞ்சம் முன்பின் இருக்கும். 2-ஆம் எண் ரவை ஒன்று 4-ஆம் எண்ணைவிட ஒன்றரை மடங்கு கனம். ஆனால் அதே எடையில் 4-ஆம் எண் ஒன்றரை மடங்கு அதிகம் வரும். ஒன்றைக் கூட்டினால் மற்றது குறையும். இந்தப் பேரத்தில் எங்கே நிற்பது என்பதை நீங்கள் சுடும் தூரமும் உங்கள் பறவையும்தான் முடிவு செய்ய வேண்டும்.

பழைய ஆட்கள் ஈய எண்ணை வைத்தே பேசுவார்கள். "மல்லார்டுக்கு 6 போதும்" என்று அவர்கள் சொல்வது ஈயம் 6. மல்லார்ட் என்பது பெரிய காட்டு வாத்து வகை. ஈயத்தின் அடர்த்தி 11-க்குக் கொஞ்சம் மேல், எஃகு 7.8 அளவு. இலேசான ரவை காற்றில் சீக்கிரம் வேகம் இழக்கும். அதை ஈடுகட்ட எஃகில் இரண்டு எண் பெரிதாகப் போவது வழக்கம்: ஈயம் 6-க்கு எஃகு 4, ஈயம் 4-க்கு எஃகு 2.

தூரத்தை நீங்களே தீர்மானியுங்கள்

டிகாய் வேட்டையின் பெரிய வசதியே இதுதான். பறவை எங்கே இறங்கும் என்பது ஓரளவு உங்கள் கையில் இருக்கிறது. வாத்து காற்றுக்கு எதிராகத்தான் இறங்கும். ஆகவே காற்று உங்கள் முதுகுப்பக்கம் இருக்கும்படி உட்காருங்கள். டிகாய்களை ஆங்கில யு அல்லது ஜே எழுத்துப் போலப் பரப்பி, நடுவில் காலியாக விடும் இறங்குமிடம் உங்களிடமிருந்து 20 முதல் 25 கெஜத்துக்குள் வரும்படி வையுங்கள். கடைசி டிகாயை 35 கெஜத்தில் போடுங்கள். கண்ணால் அளக்காமல் ரேஞ்ச்ஃபைண்டரால் அளங்கள். விடியற்கருக்கலில் தண்ணீருக்கு மேல் தூரம் எப்போதும் ஏமாற்றும். அந்தக் கடைசி டிகாய்தான் எல்லைக் கல். அதற்கு அப்பால் போகும் பறவையைச் சுடாதீர்கள்.

ஆர்கன்சாவின் வெள்ளக்காடுகளில், மரங்களுக்கு நடுவே, 15 முதல் 25 கெஜத்துக்குள்ளேயே சுட்டு முடித்துவிடுவார்கள். அங்கே 2-ஆம் எண் வீண். டெக்சஸ் கடற்கரையிலோ சஸ்காச்சுவான் வயல்வெளியிலோ பலத்த காற்றில் பறவை 35, 40 கெஜத்தில் தயங்கிவிட்டுத் திரும்பும். அங்கே 4-ஆம் எண்ணுக்கு மூச்சு வாங்கும். ஒரே வாத்துதான், ஆனால் தோட்டா வேறு.

எத்தனை ரவை தேவை

எஃகு ரவை ஆய்வுகளில் பெயர் பெற்ற டாம் ராஸ்டர் தொகுத்த அட்டவணையைப் பல மாநில வனவிலங்குத் துறைகள் வேட்டைக்காரர்களுக்குப் பாடமாகவே வைத்திருக்கின்றன. அது எளிய அளவுகோல் ஒன்றைத் தருகிறது: நீங்கள் சுடும் தூரத்தில், 30 அங்குல வட்டத்துக்குள் குறைந்தது இத்தனை ரவை விழ வேண்டும். மல்லார்ட் போன்ற பெரிய வாத்துக்கு 85 முதல் 90. காட்வால் போன்ற நடுத்தர வாத்துக்கு 115 முதல் 120. கிளுவை (டீல்) என்னும் சிறிய வாத்துக்கு 135 முதல் 145. வாத்தைவிடப் பெரிய நீர்ப்பறவையான கூஸில், பெரிய கனடா கூஸுக்கு 50 முதல் 55.

பறவை சிறுத்தால் ரவை கூட வேண்டும். உடம்பு சின்னது, இடைவெளியில் தப்பிவிடும். கூஸுக்கு எண்ணிக்கை குறைந்தாலும் போகட்டும், ஆனால் ஒவ்வொரு ரவையும் தடித்த இறகையும் நெஞ்சுச் சதையையும் துளைத்து உள்ளே போக வேண்டும்.

இப்போது ஒரு தோட்டாவைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 12 கேஜ், 3 அங்குல நீளம், ஒன்றேகால் அவுன்ஸ் ரவை. பெட்டியில் 1¼ என்று அச்சிட்டிருக்கும். 2-ஆம் எண்ணில் சுமார் 156 ரவை. மல்லார்டுக்குத் தேவை 85. அதாவது சுட்டதில் 55 விழுக்காடு வட்டத்துக்குள் விழ வேண்டும். சோக் என்பது ரவை பரவுவதைக் கட்டுப்படுத்தும் குழல்வாய்க் குறுக்கம். நல்ல சோக் போட்டால் 40 கெஜத்தில் முடியும். அதே எடையில் 4-ஆம் எண் 240 ரவை. 36 விழுக்காடு விழுந்தாலே போதும். 30 கெஜத்தில் திறந்த சோக்கிலும் இது கைக்கு எட்டும். பிபியில் 90 ரவைதான். மல்லார்டுக்கு 85 வேண்டுமென்றால் கிட்டத்தட்ட 95 விழுக்காடு விழ வேண்டும். எந்த சோக்கும் அதைத் தராது. "கூஸ் வந்தாலும் வரும்" என்று பிபி போட்டுக்கொண்டு வாத்துக்கு உட்காருவோர் காலை முழுக்கக் காயம்பட்ட பறவையைத் தேடுவது இதனால்தான்.

கிளுவைக்கு இன்னும் தெளிவு. 2-ஆம் எண்ணின் 156-இல் 135 விழ வேண்டும், 87 விழுக்காடு. நடக்காது. 6-ஆம் எண்ணின் 394-இல் 135 என்றால் 35 விழுக்காடுகூட வேண்டாம்.

20 கேஜ் வைத்திருப்போரும் இதே கணக்கைப் போடலாம். 3 அங்குலம், ஒரு அவுன்ஸ், 4-ஆம் எண்: 192 ரவை. மல்லார்டுக்கு 45 விழுக்காடு. 30 கெஜத்துக்குள் தாராளமாகப் போதும். அந்தத் துப்பாக்கியில் 2-ஆம் எண் போட்டால் 125 ரவைதான் வரும், 68 விழுக்காடு தேவைப்படும். 20 கேஜுக்கு 2 வேண்டாம்.

சோக்கும் வேகமும்

எஃகு ரவை குழலில் நசுங்காது. உருண்டையாகவே வெளியே வருவதால் நேராகப் போகும், ஈயத்தைவிட நெருக்கமாக விழும். சோக்கில் இம்ப்ரூவ்டு சிலிண்டர் தளர்வு, மாடிஃபைடு நடுத்தரம், ஃபுல் இறுக்கம். ஈயத்துக்கு ஃபுல் போட்டுப் பழகியவர்களுக்கு எஃகுக்கு மாடிஃபைடு போட்டாலே அதே நெருக்கம் கிடைக்கும். டிகாய்க்கு மேல் 30 கெஜத்துக்குள் என்றால் இம்ப்ரூவ்டு சிலிண்டர். 30 முதல் 40 என்றால் மாடிஃபைடு. எஃகு ரவையை, அதிலும் பெரிய ரவையை, ஃபுல் சோக்கில் சுட வேண்டாம். சோக்கின் மேலேயே எஃகுக்கு ஏற்றதா என்று பொறித்திருக்கும், அதைப் படியுங்கள். மாற்ற முடியாத ஃபுல் சோக் கொண்ட பழைய துப்பாக்கி, குறிப்பாக இரட்டைக் குழல், எஃகால் வாய்ப்பக்கம் வீங்கிவிடும்.

வேகத்தில் விளம்பரம் ரொம்ப சத்தம் போடும். வினாடிக்கு 1,550 அடி என்று பெட்டியில் பெரிதாக இருக்கும். 3 அங்குலத் தோட்டாவில் அந்த வேகத்தைப் பெறப் பெரும்பாலும் ரவை எடையைக் குறைத்து 1⅛ அவுன்ஸ் ஆக்கியிருப்பார்கள். 2-ஆம் எண்ணில் 156 இருந்தது 140 ஆகிறது. தோளில் உதை கூடுகிறது, பரவலும் சில துப்பாக்கிகளில் கலைகிறது. 1,400-ஐ ஒட்டிய வேகம் டிகாய்த் தூரத்துக்குத் தாராளம். 3½ அங்குலத் தோட்டாவும் இந்தத் தூரத்துக்குத் தேவையில்லை.

தாளில் சுட்டுப் பாருங்கள்

இந்த ஒரு படியைச் செய்யாமல் விட்டால் மேலே சொன்ன கணக்கு எல்லாம் காகிதத்தில் நின்றுவிடும். ஒரே எண், ஒரே சோக், இரண்டு துப்பாக்கி. பரவல் வேறு வேறாக விழும். ஒரு தயாரிப்பாளரின் 3-ஆம் எண் அழகாக விழுந்த குழலில் இன்னொருவருடைய 3 கந்தலாக விழும்.

ஒவ்வொரு சோக்-தோட்டா ஜோடிக்கும் நான்கு அடிக்கு நான்கு அடித் தாள் ஐந்து வேண்டும். குறைந்தது மூன்று தாளாவது இருந்தால்தான் சராசரி எடுக்க முடியும். நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி. பின்னால் மண்மேடு இருக்கும் இடத்தில், நீங்கள் உண்மையில் சுடப்போகும் தூரத்தில் நிற்க வைத்துச் சுடுங்கள். 25 கெஜத்தில் சுடுபவருக்கு 40 கெஜத்துத் தாள் எதையும் சொல்லாது. ஒரு தாளுக்கு ஒரு தோட்டா மட்டும்.

பிறகு தாளைத் தரையில் விரித்து, துளைகள் அதிகம் கூடியிருக்கும் இடத்தை நடுவாக வைத்து 30 அங்குல வட்டம் போடுங்கள். ஓர் ஆணியில் 15 அங்குல நூலைக் கட்டி மறுமுனையில் பேனா கட்டினால் போதும். வட்டத்தை நான்காகப் பிரித்து, எண்ணிய துளையை ஒரு நிற மார்க்கரால் தொட்டுக்கொண்டே போங்கள். இல்லாவிட்டால் நூறைத் தாண்டும்போது எண்ணியதையே எண்ணுவீர்கள். வட்டத்தின் நடு, கறுப்புப் புள்ளியிலிருந்து ஒரு சாண் விலகியிருந்தால் ரவை எண்ணை மாற்றிப் பயனில்லை. துப்பாக்கி உங்கள் தோளுக்குப் பொருந்தவில்லை, அல்லது சோக் சரியாகத் திருகவில்லை.

எண்ணிக்கை சரியாக இருந்தும் பரவல் மோசமாக இருக்கலாம். அதைப் பிடிக்க ஓர் அட்டையில், இறக்கை, தலை இல்லாமல், வாத்தின் உடம்பை மட்டும் வெட்டிக்கொள்ளுங்கள். வட்டத்துக்குள் அதை நகர்த்திக்கொண்டே போங்கள். எங்கே வைத்தாலும் அதற்குள் மூன்று நான்கு துளையாவது விழ வேண்டும். ஒன்றும் விழாத இடம் இரண்டு மூன்று இருந்தால் ஒரு எண் சிறிய ரவைக்கு இறங்குங்கள், அல்லது சோக்கை ஒரு படி இறுக்குங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது சரி செய்தது என்று தெரியாது. நடுவில் மட்டும் குவிந்து ஓரம் காலியாக இருந்தால் அந்தத் தூரத்துக்கு சோக் இறுக்கம் அதிகம். 20 கெஜத்தில் அப்படி அடிபடும் வாத்தில் சமைக்க ஒன்றும் மிஞ்சாது.

பறவைக்கு ஏற்றபடி

செப்டம்பரில் பல மாநிலங்களில் கிளுவைக்கென்றே தனிச் சீசன் வரும். எஃகு 6, இம்ப்ரூவ்டு சிலிண்டர், 30 கெஜத்துக்குள். காற்று பலமாக இருந்தால் 5 அல்லது 4.

மல்லார்டுக்கு 30 கெஜத்துக்குள் 4. வெளி அகன்ற இடத்தில் 35, 40 வரை எட்ட வேண்டுமென்றால் 3 அல்லது 2. இந்த இரண்டில் 3-ஆம் எண் எப்போதும் கடையில் கிடைப்பதில்லை. கிடைத்தால் விடாதீர்கள். ஒன்றேகால் அவுன்ஸில் சுமார் 197 ரவை. மல்லார்டும் காட்வாலும் கிளுவையும் கலந்து வரும் காலையில் ஒரே தோட்டாவில் சமாளிக்க இதைவிட நல்ல எண் இல்லை.

கான்வாஸ்பேக், ஸ்காப் போன்ற முங்கும் வாத்துகள் கெட்டியானவை, அடிபட்டதும் முங்கி மறையும். மல்லார்டுக்குப் போடும் 4-ஐவிடப் பெரிதாக, 2 போடுங்கள்.

சிறிய கூஸ்களுக்கும் ஸ்னோ கூஸுக்கும் டிகாய் மேல் 2 அல்லது 1. பெரிய கனடா கூஸுக்கு 1 முதல் பிபி வரை. ஒன்றேகால் அவுன்ஸ் பிபியின் 90 ரவையில் 55 விழுந்தால் போதும், மாடிஃபைடு சோக் அதைத் தரும்.

முதல் தோட்டா 4, மூன்றாவது 2 என்று கலந்து போடும் பழக்கம் உண்டு. முதல் வெடிக்குப் பறவை தூரம் போய்விடும் என்பது காரணம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் மூன்றாவது தோட்டா பெரும்பாலும் முதுகைக் காட்டி ஓடும் பறவைக்குத்தான் போகிறது. பின்னாலிருந்து அடிக்கும் ரவை குடலையும் எலும்பையும் கடந்துதான் நெஞ்சுக்குப் போக வேண்டும். 40 கெஜத்துக்கு அப்பால் எந்த எஃகு எண்ணையும் நம்பி அதைச் செய்யாதீர்கள். காலை நீட்டி, இறக்கையை விரித்து, நெஞ்சைக் காட்டி இறங்கும் பறவைக்குத்தான் டிகாய் போட்டிருக்கிறீர்கள்.

பிஸ்மத், டங்ஸ்டன்

பிஸ்மத்தின் அடர்த்தி 9.6 அளவு, எஃகுக்கும் ஈயத்துக்கும் நடுவில். மென்மையானது. பழைய துப்பாக்கியில் நச்சற்ற ரவை சுட வேண்டுமென்றால் இது ஏற்ற வழி, தயாரிப்பாளர் அனுமதிக்கும் நீளத்தில் மட்டும். எஃகைவிட ஒன்றிரண்டு எண் சிறிதாகப் போகலாம்: எஃகு 2 போடும் இடத்தில் பிஸ்மத் 4. டங்ஸ்டன் சூப்பர் ஷாட்டின் அடர்த்தி 18-ஐத் தொடும். மிகச் சிறிய ரவையும் ஆழமாகத் துளைக்கும். விலையும் மிக அதிகம். 25 கெஜத்தில் டிகாய்க்கு மேல் எஃகு 4 செய்யும் வேலைக்கு அது தேவையில்லை. அந்தப் பணத்தில் தாளும் எஃகுத் தோட்டாவும் வாங்கிச் சுட்டுப் பழகினால் பறவைக்கு நல்லது.

விழுந்த பறவையைப் படியுங்கள்

வாத்தை உரிக்கும்போது அவசரப்படாதீர்கள். தோலைக் கையால் தடவிப் பாருங்கள். ரவை தோலுக்கு அடியிலேயே, நெஞ்சுச் சதையின் மேல்படலத்தில் நின்றிருந்தால் ரவை சிறிது, அல்லது தூரம் அதிகம். சதைக்குள் ஒரு காயத்தைப் பிரித்தால் சின்னப் பஞ்சுருண்டை போல இறகு சுருண்டு கிடக்கும். எஃகு ரவை இறகை உள்ளே இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. அதைப் பின்தொடர்ந்து போனால் ரவை எதுவரை போயிற்று என்று தெரியும். நெஞ்செலும்பைத் தாண்டியிருந்தால் ஆழம் போதும். முழுப் பறவையிலும் ஒன்றிரண்டு காயம்தான் என்றால் ஆழத்தில் குறையில்லை, எண்ணிக்கைதான் போதவில்லை. சிறிய ரவைக்குப் போங்கள். பெரும்பாலோர் இந்த இடத்தில்தான் தவறாகப் பெரிய ரவைக்கு ஏறுகிறார்கள்.

வானத்தில் இறகு தூவிவிட்டு வாத்து பறந்துகொண்டே போனால் பரவலின் ஓரம்தான் பட்டிருக்கிறது. அது விழும்வரை கண்ணை எடுக்காதீர்கள், அடுத்த பறவையைச் சுடாதீர்கள். தண்ணீரில் விழுந்து தலை தூக்கி நீந்தும் வாத்தை உடனே முடியுங்கள். நீருக்கு மேல் தெரிவது தலையும் கழுத்தும் மட்டும், 2-ஆம் எண்ணின் இடைவெளியில் அது தப்பும். இதற்கென்றே எஃகு 6 அல்லது 7 நான்கைந்து தோட்டாவைத் தனிப் பையில் வைத்திருங்கள். தண்ணீரில் பட்ட எஃகு தெறித்துப் போகும். அந்தக் கோட்டில் நாயோ படகோ ஆளோ இருந்தால் சுடக்கூடாது.

வீட்டுக்கு வந்ததும் நனைந்த தோட்டாக்களைத் தனியே எடுத்துத் துடைத்துக் காய வையுங்கள். நீர் உள்ளே இறங்கினால் எஃகு ரவை துருப்பிடித்து ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். காதருகே ஆட்டிப் பார்த்தால் சலசலப்பு வராமல் வாய் மடிப்பில் செந்நிறக் கறை தெரியும் தோட்டாவைச் சுடாதீர்கள். ஒட்டிப்போன கட்டி குழலைக் கெடுக்கும், பறவை மேல் எப்படி விழும் என்றும் சொல்ல முடியாது. அடுத்த சீசனுக்கு மிஞ்சியதைப் பெட்டியோடு உலர்ந்த இடத்தில் வைத்து, எந்தக் குழலில், எந்த சோக்கில், எத்தனை கெஜத்தில் எத்தனை துளை விழுந்தது என்பதைப் பெட்டி மேலேயே எழுதி வையுங்கள்.